கேமரா ட்ராப்: பொறி வேண்டாம், கண் போதும்

நண்பர்களே,

காட்டு விலங்குகளை ஆளில்லாமலே படமெடுக்க மரத்தில் கட்டிவைக்கிற 'கேமரா ட்ராப்' கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், 'கேமராப் பொறி' என்று ஐயா ஒருவர் முன்வைத்ததைப் படித்ததும், போன மாதம் ஏற்காட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. காப்புக்காட்டை ஒட்டிய காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரமொன்றில் முழங்கால் உயரத்துக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தோம். தோட்டக் காவலர் வந்தார். கூட வந்த தம்பி பந்தாவாக "பொறி வைக்கறோம்" என்றான். "பன்னிக்குங்களா? கேஸாயிடுமுங்க" என்று அவர் பதறிவிட்டார். 'படக்கண்ணி' என்ற பெயர் இன்னும் மோசம். சுருக்குக் கம்பியில் சிறுத்தை சிக்கிச் சாகிற நாட்டில், கண்ணி வைத்தேன் என்று வனக்காவலரிடம் சொல்லிப் பாருங்கள்!

நாளிதழ்கள் எழுதும் 'தானியங்கிக் கேமரா' புரிகிறது. ஆனால் இன்று எதுதான் தானாக இயங்கவில்லை? இந்தக் கருவியின் குணமே காத்திருப்பதுதான். உடற்சூடுள்ள ஒன்று முன்னால் நகர்ந்தால், சுற்றுப்புறத்துக்கும் அதற்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை உணரி (சென்சார்) கண்டுகொள்ளும், உடனே படம். (வெயிலில் ஆடும் இலையும் ஏமாற்றிவிடும். எங்களுக்குக் கிடைத்ததில் பாதி வெறும் இலைதான்.)

என் பரிந்துரை: பதிகண். 'பதிவிருத்தல்' என்றால் பதுங்கிக் காத்திருத்தல், பழைய சொல். படம் 'பதிவதும்' அதே சொல்லில் அடங்கிவிடுகிறது. ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினைத்தொகை. பதி என்றால் கணவனாயிற்றே என்று யாராவது கிண்டலடிப்பார்கள், அடிக்கட்டும்.

கலைச்சொல் என்றால் புதுச்சொற்களைக் குட்டி போட வேண்டும். கணக்கெடுப்பில் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதைக் கருவிகளை இரவுகளால் பெருக்கிச் சொல்வோம்: 20 கருவிகள் 30 இரவு நின்றால் 600 'பதிகண் இரவு'. எந்தச் சிறுத்தை என்று புள்ளிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்; இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றல்ல, ஆகவே தடத்தின் இருபுறமும் எதிரெதிரே வைக்கிறோமே, அது 'இணைப் பதிகண்'. 'பொறி இரவு' என்றால் தீபாவளி ஞாபகம்தான் வரும்.

அப்புறம், பூனைக் குழப்பம். காட்டுப்பூனை என்பது ஓர் இனத்தின் பெயர். சிறுத்தைப்பூனை, துரும்பன் பூனை வேறு இனங்கள். ஆனால் காட்டில் வாழும் சிறு பூனைகள் எல்லாவற்றையும் காட்டுப்பூனை என்றே எழுதுகிறோம். படங்களுக்குப் பெயரிடும்போது இதில்தான் திணறினேன். சங்கப் பாடல்களில் பூனையைக் குறித்து வரும் 'வெருகு' சும்மாதானே கிடக்கிறது, பொதுப்பெயராக எடுத்துக்கொள்ளலாமா? இலக்கியம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

காவலரிடம் அன்று கடைசியில் பெட்டியைத் திறந்து காட்டினேன். "ஒளிஞ்சிருந்து பாக்குற கண்ணுங்களா? சரி, கட்டுங்க" என்று போய்விட்டார்.