புதுப்பிப்பு: வால்வ் ப்ரீஆம்ப் இரைச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

நான் கட்டிய வால்வ் ப்ரீஆம்பில் (வெற்றிடக் குழாய்களை வைத்து, ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் முன் பாட்டு சிக்னலைப் பெருக்கும் கருவி) பாட்டு ஓடாதபோதும் ஒரு ரீங்காரமும், அவ்வப்போது பொரியும் சத்தமும் வருவதாக முன்பு எழுதியிருந்தேன். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் ரீங்காரம். இன்புட்டை கிரவுண்டோடு இணைத்தும் குறையவில்லை, ஆக வெளியிலிருந்து வரவில்லை. ஆஸிலோஸ்கோப்பில் (அலையை வரைந்து காட்டும் கருவி) 50 ஹெர்ட்ஸ், அதாவது வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண், தெரிந்தது. பவர் சப்ளை ஃபில்டர் பலவீனம் என்றால், முழு அலை ரெக்டிஃபையருக்கு (ஏசியை டிசியாக்கும் பகுதி) அதன் இரு மடங்கான 100 அல்லவா வரவேண்டும்? அதனால் சந்தேகம் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும், ஏசியில் ஓடும் இழை) பக்கம் திரும்பியது. ஹீட்டர் வயர்களுக்கு இடையே இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களால் ஒரு நடுமுனை உண்டாக்கினேன். அதை கிரவுண்டில் கட்டாமல், உயர் வோல்டேஜிலிருந்து பிரித்தெடுத்த சுமார் 40 வோல்ட் டிசியில் வைத்தேன். ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் (வால்வில் எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) கசிந்துகொண்டிருந்த ரீங்காரம் அடங்கிவிட்டது. இப்போது ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் ஏதோ கேட்கிறது. அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் அந்தப் பொரியும் சத்தம். 12ஏஎக்ஸ்7 வால்வை மாற்றியும் போகவில்லை. ஆனோடு (வால்வில் எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் முனை) ரெசிஸ்டர் பழைய கார்பன் காம்போசிஷன் வகை. மெட்டல் ஃபிலிம் போட்டதும் நின்றது. (கை வைக்கும் முன் கெபாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் ஆபத்தான வோல்டேஜ் அதில் இருக்கும்.)

வால்வைத் தட்டினால் வரும் மணியோசை மட்டும் பாக்கி. சாக்கெட்டை ரப்பர் வாஷர் மேல் பொருத்திப் பார்க்கப் போகிறேன்.