டபுள் பக்கி: பக்கத்துப் பக்கமா, முன்னும் பின்னுமா?

குரோய்டன் அம்மா
லண்டனில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துத் தள்ளும் வண்டி (டபுள் பக்கி) வாங்க வேண்டும். பெரியவன் இரண்டரை வயது, 13 கிலோ. சின்னவள் ஐந்து மாதம், 7 கிலோ. இரண்டாம் மாடி ஃப்ளாட், லிஃப்ட் உண்டு. வாரத்தில் நாலு நாள் பஸ். டிசம்பரில் மூன்று வாரம் சென்னை. ஒரே வண்டியில் எல்லாம் முடியுமா? "எங்களுக்கு நல்லா இருந்துச்சு" என்பதோடு நிறுத்தாமல் அளவு, எடை, எது உடையும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

அளவுநாடா
பிராண்டு பார்க்கிறதுக்கு முன்னாடி டேப்பைக் கையில எடுங்க. தினமும் நுழையப்போற வாசல்களிலேயே ரொம்பக் குறுகலானது எது? அதுதான் உங்க வண்டியைத் தீர்மானிக்கும், பிள்ளைங்க வயசு அதுக்கு அப்புறம்தான்.

பக்கத்துப் பக்கம் உட்கார வைக்கும் வண்டிகள் பெரும்பாலும் 74 முதல் 77 செ.மீ. அகலம். இங்கிலாந்து வீடுகளில் உள்கதவு பரவலா 76.2 செ.மீ. பலகை. அந்த எண்ணைப் பார்த்து 75 செ.மீ. வண்டி போயிடும்னு நினைக்கிறவங்கதான் அதிகம். கதவு 90 பாகை திறந்து நிற்கும்போது அதோட தடிமன் மூணரை செ.மீ. வாசலுக்குள்ளயே நிற்கும். எதிர்ப்பக்கச் சட்டத்தில் இருக்கிற தடுப்புப் பட்டை இன்னொரு செ.மீ. எடுத்துக்கும். மிஞ்சுறது 72 செ.மீ. சுமார். பழைய வீடுகளில் 68.6 பலகையும் உண்டு, அங்க பேச்சே இல்லை. அதனால பலகையை அளக்காதீங்க. கதவை முழுசா திறந்து வெச்சு, நடுவில இருக்கிற வெற்றிடத்தை அளங்க. வண்டியிலயும் கடைக்காரர் சொல்ற அகலத்தை நம்பாம, பின்சக்கரத்தோட வெளி விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை அளங்க. சில வண்டிகளில் பிரேக் மிதியோ சக்கர மூடியோ ஒரு செ.மீ. வெளியே துருத்தும்.

முன்னும் பின்னுமா இருக்கிறது 60-65 செ.மீ. அகலத்தில் முடிஞ்சிடும். நீளம்தான் ஒரு மீட்டரைத் தாண்டும்.

ஹாரோ
தங்கச்சி, நீளம் மட்டும் பிரச்சினையெண்டு நினைக்காதேங்கோ. முன்-பின் வண்டியில ரோட்டுக் கரையிலயிருந்து பேவ்மென்றுக்கு ஏத்துறதுதான் கை முறியிற வேலை. முன்சக்கரத்தைத் தூக்க, கைப்பிடியைக் கீழ அமத்த வேணும். அப்ப பின் அச்சுத்தான் நெம்புகோலின்ர தாங்கும் இடம். 13 கிலோ பிள்ளை அந்த அச்சுக்கு 60 செ.மீ. முன்னால இருக்கெண்டும், கைப்பிடி 30 செ.மீ. பின்னால இருக்கெண்டும் வையுங்கோ. அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் 26 கிலோ அழுத்தம் குடுக்க வேணும். மற்றப் பிள்ளையும் வண்டியின்ர பாரமும் அதுக்கு மேல. ஒரு கையில பஸ் கார்ட்டோட ஏலாது.

இதுக்கு ஒரு வழி இருக்கு. திரும்பி நிண்டு, பெரிய பின்சக்கரத்தை முதல்ல விளிம்பில முட்டவிட்டு, பின்பக்கமா இழுத்து ஏத்துங்கோ. இறக்கேக்கையும் பின்சக்கரம் முதல். பழகினால் லேசு.

பக்கத்துப் பக்க வண்டியில ரெண்டு பிள்ளையும் அச்சுக்குக் கிட்ட இருக்கினம், அதால ஏத்துறது சுகம். ஆனா பாரம் சமனில்லை. 13 ஒரு பக்கம், 7 மற்றப் பக்கம் எண்டால் வண்டி பாரப்பக்கம் இழுக்கும். பேவ்மென்ற் எப்பவும் ரோட்டுப் பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருக்கும், மழைத்தண்ணி ஓட. பெரிய பிள்ளையைச் சுவர்ப்பக்கம், அதாவது மேட்டுப்பக்கம் இருத்தினால் ரெண்டு இழுவையும் ஒண்டையொண்டு தின்னும்.

இன்னொண்டு: சின்னவள் ஆறு மாதத்துக்குக் குறைய. உந்த லேசான இரட்டை வண்டியள் கனக்க "6 மாதத்துக்கு மேல்" எண்டுதான் எழுதியிருக்கும். பிறந்த பிள்ளைக்கெண்டால் இருக்கைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவில குறைஞ்சது 150 பாகை விரிய வேணும். லேபிள்ல இ.என். 1888 (தள்ளுவண்டியளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம்) எண்டு இருக்கோ பாருங்கோ. அதிலயும் 1888-1 எண்டால் 15 கிலோ வரைக்கும், 1888-2 எண்டால் 15க்கு மேல 22 வரைக்கும். உங்கட பெரியவருக்கு 15 வர அதிக காலம் இல்லை.

பொங்கோல்
சிங்கப்பூரிலிருந்து. இங்கே 2017 ஏப்ரலிலிருந்து பொதுப் பேருந்தில் ஸ்ட்ரோலரை (தள்ளுவண்டியை) மடிக்காமலே ஏற்றலாம், எம்ஆர்டி ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. அப்படியும் பலர் 22 கிலோ தாங்கும் ஒற்றை ஸ்ட்ரோலரும் பின்னால் மாட்டும் நிற்கும் பலகையும்தான் வைத்திருக்கிறார்கள். பலகை பொதுவாக 20 கிலோ தாங்கும். இரண்டரை வயதுப் பிள்ளை அரை மணி நேரம் நிற்கும், தூங்கிவிட்டால்தான் சிக்கல். வாங்கும் முன் பின் அச்சுக்கும் உங்கள் கால் முட்டிக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று தள்ளிப் பார்க்கவும். உயரமானவர்கள் பலகையை உதைத்துக்கொண்டே நடக்க வேண்டிவரும்.

பஸ் நம்பர் இல்லை
லண்டன் பஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. நடுவில் இருக்கிற திறந்த இடம் சக்கர நாற்காலிக்கானது. பக்கிக்கு அங்கே இடம் கிடைப்பது, நாற்காலிக்காரர் வராத வரைதான். 2017 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சக்கர நாற்காலியில் செல்லும் டக் பாலி தொடுத்த வழக்கில் தெளிவாகவே சொன்னது: ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டுக் கைகழுவக் கூடாது, பக்கிக்காரர் காரணமில்லாமல் மறுத்தால் இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும். ஆக, நடுவழியில் மடிக்க வேண்டிய நேரம் வரும். தனி ஆள், இரண்டு பிள்ளை, 14 கிலோ வண்டி, நகரும் பஸ். கடையில் "ஒரு கையால் மடியும்" என்று காட்டுவது காலி வண்டியை, கூடையும் காலியாக. கூடையில் பால் டின், டயப்பர், ஈரத் துணி எல்லாம் நிறைத்துவிட்டு மடித்துக் காட்டச் சொல்லுங்கள். கூடை நிறைந்திருந்தால் மடியாத வண்டிகள் நிறைய.

மடித்தபின் தானாக நிற்கிறதா என்பதும் முக்கியம். நிற்காத வண்டியை ஒரு கை பிடித்தே ஆக வேண்டும், மிச்சம் ஒரு கைக்கு இரண்டு பிள்ளை.

ட்யூபுக்கு (லண்டன் சுரங்க ரயில்): படியில்லா வழி காட்டும் வரைபடத்தில் நீலச் சின்னம் என்றால் தெருவிலிருந்து ரயில் வரை படி இல்லை, வெள்ளைச் சின்னம் என்றால் நடைமேடை வரை மட்டும், அங்கிருந்து ரயிலுக்கு ஒரு படியோ இடைவெளியோ இருக்கும். அந்த இடைவெளியில் 13 செ.மீ. முன்சக்கரம் குறுக்கே திரும்பி மாட்டும். அங்கேயும் பின்சக்கரம் முதலில்.

கேட் 22
விமானத்துக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்கள் மடிகிற வண்டியைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கேட் வரை தள்ளிப் போகலாமா, செக்-இன் கவுண்டரிலேயே கொடுக்க வேண்டுமா என்பது எடையையும் மடித்த அளவையும் பொறுத்தது. இரட்டை வண்டிகள் அங்கேதான் சிக்கிக்கொள்ளும். டிக்கெட் போட்டதும் உங்கள் வண்டியின் மடித்த அளவைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் இரண்டு பிள்ளையையும் இறக்கி, கூடையைக் காலி செய்து, மடித்து எக்ஸ்ரேயில் போட வேண்டும். நுழையாத அகலமென்றால் தனியே துணியால் துடைத்துச் சோதிப்பார்கள். தடையில்லை, நேரம் போகும், அவ்வளவே.

கேட்டில் கொடுக்கும் முன் கழற்ற வேண்டியவை: மழை உறை, கோப்பை தாங்கி, முன் கம்பி, தொங்கும் பொம்மை. கிளிப் மின்விசிறி மாட்டியிருந்தால் அதையும், பவர் பேங்கையும் கைப்பையில் போடுங்கள். பவர் பேங்க் சரக்கறைக்குப் போகக் கூடாது. மடித்த பூட்டு விழுந்ததா பாருங்கள், அதன்மேல் ஒரு வார்ப்பட்டை கட்டுங்கள். பெரும்பாலும் உடைவது சட்டமல்ல. தூக்குபவர் பிடிக்கிற முன் கம்பியும், பாதி விரிந்து நசுங்குகிற கூரைக் கம்பியும்தான். கொடுக்கும் இடத்தில் நாலு பக்கமும் படம் எடுங்கள். சேதம் தெரிந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பேக்கேஜ் கவுண்டரில் பதிவு செய்யுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி பதிவு செய்த சாமான் சேதத்துக்கு எழுத்துப் புகார் 7 நாளுக்குள்.

கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி: "விமானக் கதவில் கிடைக்குமா, பெல்ட்டில் வருமா?" இடையில் மாறிப் போகிறவர்களுக்கு அநேகமாகக் கடைசி ஊர் பெல்ட்டில்தான் வரும். பிள்ளையைச் சுமக்கும் பை ஒன்று கைவசம் இல்லாவிட்டால், இடைநிலையத்தில் நடக்கிற நடையில் தோள் விட்டுப்போகும்.

கையோடு கேபினுக்குள் கொண்டுபோகலாம் என்கிற சிறிய ஒற்றை வண்டிகள் 52×44×18 செ.மீ. வாக்கில் மடியும். சர்வதேச விமானத்தில் ஏறிவிடலாம். இந்திய உள்நாட்டு விமானங்களில் பரவலாக உள்ள 55×35×25 அளவில் அந்த 44 அடங்காது. சென்னையிலிருந்து மதுரைக்கு மாறுகிறீர்கள் என்றால் இதை மறந்துவிட வேண்டாம்.

குரோய்டன் அம்மா
இரண்டு ஒற்றை வண்டி வாங்கி நடுவில் கிளிப் போட்டு இணைக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

சைக்கிள்கடை
மூணு கிளிப் செட்டா வரும். கீழ சக்கரத்துக்கு மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கைப்பிடிக்குக் கீழ ஒண்ணு. ரெண்டு வண்டியும் ஒரே மாடலா இருக்கணும், இல்லேன்னா குழாய் கோணம் ஒத்துவராம திருகிக்கும். குழாய் விட்டத்தைக் கேட்டு வாங்குங்க. உள்ள ரப்பர் பட்டை இல்லாத கிளிப் அரை மணியில வழுக்கும். மாட்டினதும் முதல்ல பார்க்க வேண்டியது: உள்பக்கத்து ரெண்டு முன்சக்கரமும் முழு வட்டம் சுத்தும்போது ஒண்ணோட ஒண்ணு இடிக்கக் கூடாது. இடிச்சா திருப்பத்துல வண்டி நட்டுக்கிட்டு நிக்கும்.

அகலம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ஏர்போர்ட் நடைவழிக்கு ஓகே. பஸ்ஸுக்கு வேண்டவே வேண்டாம். மடிக்கணும்னா கிளிப்பைக் கழட்டித்தான் ஆகணும்.

சக்கரத்தைப் பத்தியும் சொல்லிடறேன். காத்து டயர் பள்ளம் மேட்டுக்கு மெத்துனு போகும். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம் இல்லேன்னா ஒரு பக்கமா இழுக்கும். எவ்வளவு அடிக்கணும்னு டயர் சுவர்லயே அச்சடிச்சிருக்கும். 12½ × 2¼ அளவுன்னா நம்ம ஊர்ல குழந்தை சைக்கிள் டியூபே பொருந்தும், எந்தச் சைக்கிள் கடையிலயும் கிடைக்கும். ஃபோம் டயர் பஞ்சர் ஆகாது, ஆனா தேஞ்சா சக்கரத்தோட மாத்தணும். வேகமா தள்ளும்போது முன்சக்கரம் தடதடன்னு ஆடினா, அது சுழலாம பிடிக்கிற பூட்டைப் போட்டு நேரா நிறுத்துங்க. அப்பவும் ஆடினா அச்சு தளர்ந்திருக்கு. எண்ணெய் விடாதீங்க, மண்ணை இழுத்துக்கும். சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

பழைய வண்டி வாங்கறவங்க: ஒரே மிதியில ரெண்டு பின்சக்கரமும் பூட்டுதான்னு சரிவுல வெச்சுப் பாருங்க. ரெண்டு பக்கக் கீலும் ஒரே நேரத்துல பூட்டணும். ஒரு பக்கம் பிந்தினா சட்டம் வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். குடை மாதிரி மடியற ரகத்துல கீலுக்கு மூடி இருக்கணும். 2009 நவம்பர்ல அமெரிக்காவுல சுமார் 10 லட்சம் மெக்லாரன் பிராண்டு தள்ளுவண்டிகளுக்கு, பிள்ளைங்க விரல் நுனி கீலில் மாட்டித் துண்டானதால, மூடி கொடுக்க வேண்டி வந்துச்சு. அதுக்கு முந்தின வண்டி இன்னும் கைமாறிக்கிட்டு இருக்கு. விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை கைக்கு எட்டாத தூரத்துல நிக்கட்டும்.

கைப்பிடியில பை மாட்டற பழக்கமும் வேண்டாம். முன்னாடி இருக்கற பிள்ளையை இறக்கின உடனே வண்டி பின்னாடி மல்லாந்துடும், உள்ள இன்னொரு பிள்ளை இருக்கும்.

அளவுநாடா
சென்னைக்கு என் பதில்: இரட்டை வண்டியைக் கொண்டுபோகாதீங்க.

பழைய அடுக்குமாடிகளில் 6 பேர் லிஃப்ட்தான் நிறைய. வாசல் பெரும்பாலும் 70 செ.மீ., உள் ஆழம் ஒரு மீட்டர் அளவு. பக்கத்துப் பக்க வண்டி வாசலில் நிற்கும். முன்-பின் வண்டி வாசலைத் தாண்டும், ஆனா கதவு மூடாது. ரெண்டுமே தோத்துப்போற இடம் அது. அடுத்தது டாக்ஸி. சிஎன்ஜி செடான்களில் டிக்கியில் பாதியை சிலிண்டர் பிடிச்சிருக்கும். ரெண்டு பெட்டியோட இரட்டை வண்டியை வைக்க கேரியர் உள்ள பெரிய வண்டிதான் கூப்பிடணும். நடைபாதையில் பைக் ஏறாம இருக்க நட்ட கம்பங்களுக்கு நடுவே சில இடத்தில் ஒற்றை வண்டியே சிக்கும். பாண்டி பஜாரில் 2019ல் திறந்த அகல நடைபாதை, மெட்ரோ நிலையங்கள், மால்கள், இங்கெல்லாம் எந்த வண்டியும் உருளும். அதுக்காக மட்டும் 14 கிலோ சுமக்கணுமா?

லண்டனுக்கு 65 செ.மீ. அகலத்துக்குள் முன்-பின் வண்டி ஒண்ணு, பஸ்ஸில் மடிக்க முடிஞ்சதா. சென்னைக்கு 7 கிலோவுக்குள் ஒற்றை வண்டி, நல்லா சாயறது. பெரியவன் அதில், சின்னவள் பையில். பெரியவன் நடக்கும்போது சின்னவள் வண்டியில் படுத்துக்கட்டும். டிசம்பரில் அவளுக்கு எத்தனை மாசம் ஆகியிருக்கும்னு மட்டும் லேபிளோட ஒப்பிட்டுப் பார்த்துக்கங்க.

ஹாரோ
அதுக்கு நானும் ஓம். யாழ்ப்பாணம் போறாக்களுக்கும் உதுதான். நல்லூர்த் திருவிழா வீதியில மணல் பரப்பியிருக்கும், சின்ன இரட்டைச் சக்கரம் புதைஞ்சு நிண்டிடும். ரயில் வாசலில படி, வண்டியை மடிச்சுத்தான் ஏத்த வேணும்.

வெயிலுக்கு எண்டு துணியால வண்டியை மூடிப்போட்டுப் போறவையைக் கனக்கக் காணலாம். அது செய்யாதேங்கோ. மெல்லிய மல்மல் துணியெண்டாலும் உள்ளுக்குக் காத்து ஓடாமல் சூடு ஏறும். கூரையை முழுக்க இழுத்துவிட்டு, பக்கவாட்டில குடை கிளிப் பண்ணுங்கோ. மழை உறையும் அப்பிடித்தான், மழை விட்ட உடனே கழட்டுங்கோ.