புதுப்பிப்பு: மானெக்‌ஷா கையெழுத்து அசல்தான்

கானாடுகாத்தான் வீட்டுப் பெட்டகத்தில் கிடைத்த, 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த மானெக்‌ஷாவின் அச்சிட்ட படத்திலுள்ள கையெழுத்து மையா, அதுவும் அச்சா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

நகை செய்யும் பத்தரிடம் உள்ள, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியால், வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது: படம் முழுக்க அச்சுப் புள்ளிகள் தெரிய, கையெழுத்தில் புள்ளியே இல்லை, கோடுகள் குறுக்கிடும் இடங்களில் நீல மை தேங்கிக் கறுத்திருந்தது. ஈரத்துணியால் ஒற்றிப் பார்க்கும் யோசனையை மட்டும், மை கரைந்துவிடும் என்பதால், யாரும் செய்ய வேண்டாம்.

எதிர்பாராதது ஒன்று. 1971 போர் முடிந்த கையோடு ஐயா வாங்கியது என்றே வீட்டில் சொல்லி வந்தோம்; ஆனால் பெயருக்குக் கீழே அதே மையில் பீல்டு மார்ஷல் என்றிருக்கிறது. 1942இல் பர்மாவின் சித்தாங் ஆற்றருகே காயம்பட்டு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் பெற்ற மானெக்‌ஷாவுக்கு அந்தப் பதவி கிடைத்தது 1973 ஜனவரியில்தான். ஆகவே கையெழுத்து அதற்குப் பிந்தியது. அதே 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர் எங்கள் ஐயா.