மகள் ஃபாரன்சிக் சைக்காலஜி படிக்க ஆசைப்படுகிறாள், எப்படிப் போவது?

சாட்ஸ்வர்த் அம்மா:
வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் மகள் இந்த வருஷம் மெட்ரிக், அதாவது பள்ளியில் கடைசி வருஷம். ஃபாரன்சிக் சைக்காலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கொலைகாரன் மனசை அறிந்து போலீசுக்குச் சொல்லும் வேலையாம். அவள் அப்பாவுக்குப் பயம். எனக்கோ வேலை கிடைக்குமா என்ற கவலை. இந்தத் துறையில் யாராவது இருக்கிறீர்களா?

மாரிட்ஸ்பர்க் அக்கா:
அம்மா, நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநோய் பார்க்கும் உளவியலாளர். 11 வருஷமாக நீதிமன்ற வழக்குகள் பார்க்கிறேன். மகள் சொல்லும் பிரிவு போலீசில் உண்டு, 1990களில் மிக்கி பிஸ்டோரியஸ் என்ற உளவியலாளர் தொடங்கியது. ஆனால் சின்னப் பிரிவு, அதை மட்டும் நம்பி வரவேண்டாம்.

எங்கள் அன்றாடம் வேறு. 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவரை ஒரு தடவைக்கு 30 நாள் வரை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கு நடப்பது அவருக்குப் புரிகிறதா, அன்று செய்தது தப்பென்று தெரிந்ததா என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

ஜூலு மொழி பேசும் ஒருவர், அமட்லோசி, அதாவது முன்னோர், தன்னோடு பேசுவதாகச் சொன்னார். நோய் என்று எழுதப் போன பேனாவை நிறுத்தினேன். காவடியன்று என் பெரியம்மா மேல் சாமி வரும். விபூதி பூசி உட்காரவைப்போம், மறுநாள் கடையில் சில்லறையை எண்ணி வாங்குவார். இவரோ ராத்திரியெல்லாம் சுவரோடு பேசினார், சோற்றில் விஷம் என்று தொடவில்லை. வீட்டாரைக் கேட்டேன். "முன்னோர் இப்படிப் பேசமாட்டார்கள்" என்று அழுதார்கள். அதன் பிறகுதான் எழுதினேன். மகளை இப்போதே ஜூலு பேசிப் பழகச் சொல்லுங்கள்.

படிப்பு: பட்டம் 3 வருஷம், ஹானர்ஸ் 1, பிறகு மாஸ்டர்ஸ், 12 மாதப் பயிற்சி. கிளினிக்கல் என்றால் இன்னும் ஒரு வருஷம் சமூகச் சேவை. மாஸ்டர்ஸ் வாசல்தான் ரொம்பக் குறுகல். என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், நொந்துபோனேன்.

ஃபீனிக்ஸ் தம்பி:
அக்கா சொன்னதோடு ஒன்று. நான் சமூகப் பணி படித்து, நீதிமன்றத்தில் குழந்தைச் சாட்சிக்கும் வக்கீலுக்கும் இடையில் நிற்பவன், அதே சட்டத்தின் 170ஏ பிரிவின்படி. குழந்தை தனி அறையில் என்னோடு இருக்கும். வக்கீல், "சம்பவ இடத்தில் வேறு நபர்கள் பிரசன்னமாயிருந்தனரா?" என்பார். நான், "பக்கத்துல வேற யாரு இருந்தாங்க கண்ணு?" என்று கேட்பேன். சைக்காலஜிஸ்ட்களும் இதைச் செய்யலாம்.

சாட்ஸ்வர்த் அம்மா:
நன்றி அக்கா, தம்பி. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் குழந்தைங்க பதில் சொல்லுவாங்களா?" என்று கேட்கிறாள்.

ஃபீனிக்ஸ் தம்பி:
அவசரப்படுத்தாவிட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். சிலர் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள்.