பாக் நீரிணை: அமைச்சர்கள் மறுபடி உட்கார்ந்தால் முதலில் எதைப் பேச வேண்டும்?

தீவகத்தான்:
இந்தியா–இலங்கை மீனவர் பிரச்சினையை அமைச்சர் மட்டத்தில் மறுபடி பேச வேண்டும் என்று இரண்டு கரையிலும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து நானும் கேட்கிறேன். ஆனால் போன தடவை என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுக் கேட்போம். 2016 நவம்பர் 5 அன்று டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் கூடி ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அமைச்சர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடுவது என்று முடிவானது. 2017 ஜனவரி 2 அன்று கொழும்பில் அமைச்சர்கள் கூடவும் செய்தார்கள். அதற்கப்புறம்? பணிக்குழுவின் ஆறாவது கூட்டம் நடந்ததே 2024 அக்டோபரில்தான். சொன்னபடி நடந்திருந்தால் அதற்குள் முப்பது கூட்டம் முடிந்திருக்கும்.

கடலடியை வழித்து இழுக்கும் இழுவைமடி வலையைக் கூடிய விரைவில் நிறுத்துவோம் என்று 2016இல் ஒத்துக்கொண்டார்கள். தேதி போடவில்லை. இனி கூடினால் முதல் வரியாக அந்தத் தேதி வர வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

விசைப்படகு_ராமேஸ்வரம்:
தேதி கேட்பது சுலபம், அண்ணே. எங்கள் நிலைமையையும் பாருங்கள். கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது, அங்கே விசைப்படகு மடி போடக் கூடாது. அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் எல்லைக்கோடு வந்துவிடுகிறது. இந்த நடுத் துண்டில் எத்தனை நூறு படகு தொழில் செய்ய முடியும்? விசைப்படகை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. அறுபதுகளில் இருந்து மானியம் கொடுத்து, இறால் ஏற்றுமதியைக் காட்டி அரசாங்கம்தான் வாங்க வைத்தது. இன்றைக்கு அதே படகை ஊரே குற்றம் சொல்கிறது.

அமைச்சர்கள் முதலில் பேச வேண்டியது உயிரைப் பற்றி. 2021 ஜனவரியில் இலங்கைக் கடற்படைப் படகோடு மோதி நான்கு பேர் செத்தார்கள். 2024 ஆகஸ்டில் நெடுந்தீவு அருகே இன்னொருவர். பிடித்த படகை அரசுடைமை ஆக்குகிறார்கள், ஆட்களை ஊர்காவற்றுறை கோர்ட்டுக்கும் மன்னார் கோர்ட்டுக்கும் இழுக்கிறார்கள். இது நின்றால்தான் மற்ற பேச்சு.

வழக்கறிஞர்_மதுரை:
இரண்டு பேரும் மூலத்தைத் தொடவே இல்லை. 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு போனது. 1976இல் இரு நாட்டுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதத்தோடு மீன்பிடி உரிமையும் போனது. தமிழக சட்டமன்றம் 2025 ஏப்ரல் 2 அன்று கச்சத்தீவை மீட்கக் கோரித் தீர்மானமே போட்டிருக்கிறது. அமைச்சர்கள் பேச வேண்டியது அதைத்தான்.

தீவகத்தான்:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். கச்சத்தீவு 285 ஏக்கர். எல்லைக்கோடு அதற்கு மேற்கே ஒரு மைலில் போகிறது. நாளைக்கே அந்தத் தீவை இந்தியாவிடம் கொடுத்தாலும் கோடு கொஞ்சம் கிழக்கே நகரும், அவ்வளவுதான். இழுவைப்படகுகள் வருவது நெடுந்தீவுக் கடலுக்கு, மன்னார்க் கடலுக்கு, சில நாளில் பருத்தித்துறை வரைக்கும். அந்தத் தண்ணீர் எந்த ஒப்பந்தத்தில் உங்களுக்கு வரும்?

எங்களிடம் இருப்பது பதினெட்டு அடி ஃபைபர் படகும் சின்ன எஞ்சினும். பொழுதுபட வலையைப் போட்டுவிட்டு விடிய எடுப்போம். இழுவைப்படகு வருகிற இரவில் அந்த வலை போனதுதான். கடனுக்கு வாங்கிய வலை. யாரிடம் நட்டஈடு கேட்பது? போர்க்காலத்தில் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாது, எஞ்சினுக்கும் கட்டுப்பாடு, கரையெல்லாம் பாதுகாப்பு வலயம். அந்த முப்பது வருடத்தில் எங்கள் கடல் ஆளில்லாமல் கிடந்தது, அக்கரைப் படகுகள் பெருகின. 2009க்குப் பிறகு தொழிலுக்குத் திரும்பியபோது எங்கள் இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள்.

உயிர் என்றால் எல்லா உயிரும்தான், தம்பி. 2024 ஜூனில் இழுவைப்படகைப் பிடிக்கப் போன கடற்படைச் சிப்பாய் ஒருவரும் செத்தார். இரவில் எல்லை தாண்டுவது நிற்காமல் சாவு மட்டும் எப்படி நிற்கும்?

பாம்பன்_மகள்:
நாட்டுப்படகுக் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டு மீனவர் என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். விசைப்படகு மடி எங்கள் வலையையும்தான் அறுக்கிறது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கு இங்கேயே தடை உண்டு, ஆனாலும் ஓடுகிறது. அடியில் உள்ள குஞ்சும் பாசியும் வழிக்கப்பட்டால் நஷ்டம் யாழ்ப்பாணத்துக்கு மட்டுமில்லை.

இன்னொன்று. எல்லையில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போவது பெரும்பாலும் கூலிக்குப் போன ஆள். படகு முதலாளி கரையில் இருக்கிறார். மாதக்கணக்கில் அந்த வீட்டுப் பெண்கள் கருவாடு விற்றும் வட்டிக்கு வாங்கியும் சமாளிக்கிறார்கள். டெல்லியிலோ கொழும்பிலோ மேசை போட்டால் அந்தப் பெண்களில் ஒருவருக்காவது நாற்காலி உண்டா?

விசைப்படகு_ராமேஸ்வரம்:
அக்கா, நானும் கூலிக்குப் போகிற ஆள்தான், முதலாளி இல்லை. இழுவைமடியை விட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. விட்டால் எங்கே போவது என்றுதான் கேட்கிறேன். 2017இல் பிரதமர் ராமேஸ்வரத்துக்கு வந்து ஆழ்கடல் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மூன்று ஆண்டில் 2,000 படகை மாற்றுவோம் என்றார்கள். ஐந்து ஆண்டு ஆகியும் நூறைக்கூட எட்டவில்லை. அப்போது படகு விலை 80 லட்சம். பாதி மத்திய அரசு, ஐந்தில் ஒரு பங்கு மாநிலம் கொடுத்தாலும் மீதி 24 லட்சம் கடனும் கைக்காசும். அதிலும் சூரை மீனுக்குத் தூண்டில் போடத் தெரிய வேண்டும், பல நாள் கடலில் தங்க வேண்டும். விடியக் கரைக்கு வந்து பழகியவர்கள் நாங்கள். ஆழ்கடலுக்குப் போக மூக்கையூர் பக்கம் படகைக் கட்ட வேண்டும், குடும்பம் இங்கே இருக்கும்.

இதையெல்லாம் சரிசெய்ய மூன்று ஆண்டு கொடுங்கள். அதுவரை உங்கள் கடலில் வருடத்தில் இத்தனை நாள் என்று அனுமதியுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

தீவகத்தான்:
இதே கோரிக்கையை முன்பும் வைத்தீர்கள். 2010இல் மீனவர்களே சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருடத்தில் நிறுத்துகிறோம், அதுவரை 70 நாள் மட்டும் வருகிறோம் என்று பேச்சு. இரண்டு அரசாங்கமும் அதை ஏற்று நடத்தவில்லை. 2015இல் மூன்று வருட அவகாசம், வருடத்துக்கு 83 நாள் என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து எண்ணினால் அந்த மூன்று வருடம் 2018இலேயே முடிந்தது. நாள் கணக்குக்கு எங்கள் சங்கங்கள் இனி இறங்கி வராது. ஒரு நாள் வந்தாலும் மடி மடிதான்.

வழக்கறிஞர்_மதுரை:
அப்படியென்றால் பாரம்பரிய உரிமை என்பதற்கு மதிப்பே இல்லையா? தலைமுறை தலைமுறையாக இரண்டு கரையும் ஒரே கடலில் தொழில் செய்தவை.

தீவகத்தான்:
உண்டு ஐயா. பாய்மரத்துக்கும் வலைக்கும் உண்டு. நூறு குதிரைசக்தி எஞ்சினுக்குப் பாரம்பரியம் ஏது? நாட்டுப்படகுக்கு வழிவிடுவதைப் பேசுவோம் என்றால் நானே எங்கள் சங்கத்தில் எழுந்து நின்று பேசுவேன்.

பாம்பன்_மகள்:
அதைப் பிடித்துக்கொள்கிறேன், அண்ணா. ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. அப்போதைய இலங்கை எம்.பி. சுமந்திரன் கொண்டுவந்த மசோதா 2017 ஜூலையில் சட்டமானது, இலங்கையில் இழுவைமடிக்கே தடை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் உள்ளூர் இழுவைப்படகுகள் நின்றுவிட்டனவா?

தீவகத்தான்:
முழுதாக நிற்கவில்லை. எண்ணிக்கை உங்கள் கரையோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு, ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும். அவர்களுக்கும் மாற்றுத் தொழிலுக்குப் பணம் வேண்டும். அமைச்சர்கள் பேசும்போது இதையும் எழுதட்டும். ஒரே தேதி, இரண்டு கரைக்கும்.

விசைப்படகு_ராமேஸ்வரம்:
இரண்டு கரைக்கும் ஒரே தேதி என்றால் எங்கள் ஆட்களிடம் பேசிப் பார்க்க முடியும். ஆனால் பழைய படகுக்கான பணம் முதலாளி கையில் மட்டும் போகக் கூடாது. கூலி ஆளின் கணக்கிலும் ஏற வேண்டும். இப்போதைய திட்டத்தில் எங்களுக்கு ஒரு ரூபாய் கிடையாது. அப்புறம், கூட்டத்தை எங்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகெல்லாம் கரையில்தான் கிடக்கும். கைதும் இல்லை, ஸ்டிரைக்கும் இல்லை. எல்லோரும் ஊரில் இருப்போம்.

தீவகத்தான்:
அந்த 61 நாள்தான் எங்கள் வலை பயமில்லாமல் கடலில் கிடக்கிற காலம், தம்பி. அப்போது எங்கள் ஆட்களைக் கரையில் இருத்தி வைப்பது கஷ்டம். கூட்டத்தை யாழ்ப்பாணத்தில் வைத்தால் வருவார்கள். கொழும்பு, டெல்லி என்றால் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

விசைப்படகு_ராமேஸ்வரம்:
யாழ்ப்பாணம் என்றால் எங்களுக்கு விசாவும் செலவும் யார் கொடுப்பது? அதையும் கோரிக்கையில் சேருங்கள். நாளைக்குச் சங்கக் கூட்டம் இருக்கிறது, ஒரே தேதி விஷயத்தை நான் எடுக்கிறேன்.