முத்து வளர்ப்பில் நியூக்ளியஸ்: கருவா, உள்மணியா?

> நியூக்ளியஸுக்குக் ‘கரு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. அதைச் சுற்றித்தானே முத்து விளைகிறது?

கீழக்கரை ஐயாவுக்கு வணக்கம். நம் முத்து வளர்ப்புக் கையேட்டுக்காக, முத்து விளைய மட்டிக்குள் வைக்கும் உருண்டை மணியான நியூக்ளியஸுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

‘கரு’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை செய்வது யார் என்பதையே அது மாற்றிச் சொல்லிவிடும்.

நன்னீர் மட்டியில் நடப்பதைப் பாருங்கள். ஒரு மட்டியைத் திறந்து, ஓட்டோடு ஒட்டிக் கிடக்கும் மேன்டில் சதையின் ஓரத்தை நாடாபோல உரித்து, 2 மில்லிமீட்டர் சதுரமாக நறுக்குவார்கள். இன்னொரு மட்டியின் ஓட்டை ஒரு சென்டிமீட்டர் மட்டும் விரிப்பார்கள். அதற்கு மேல் நெம்பினால் தசை கிழிந்து மட்டி போய்விடும். அதன் சதையில் சின்னதாகக் கீறி, உருண்டை மணியையும் சதைத் துண்டையும் ஒட்டினாற்போல் வைப்பார்கள். துண்டில் உள்ள செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பை கட்டும். பளபளப்பை அடுக்கடுக்காகச் சுரப்பது அந்தப் பைதான். மணி சும்மா உட்கார்ந்திருக்கும்!

மணியே இல்லாமல் சதைத் துண்டு மட்டும் வைத்தாலும் முத்து வரும். சீனத்து நன்னீர் முத்துகள் வெகுகாலமாகப் பெரும்பாலும் அப்படித்தான். அதைக் ‘கருவில்லா முத்து’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? போதாததற்கு, செல்லுக்குள் இருப்பதைப் பாடநூல் ‘உட்கரு’ என்கிறது.

‘விதை’யும் வேண்டாம். விதை என்றால் முளைக்க வேண்டும்.

என் பரிந்துரை ‘உள்மணி’. கடல் சிப்பிக்கும் பொருந்தும். 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டை முத்து விளைவித்ததும் உள்மணி வைத்துத்தான். கடல் முத்துக்கு வைக்கும் மணியையே நன்னீர் மட்டி ஓட்டில்தான் கடைகிறார்கள் என்பது தனி வேடிக்கை. கடலோர மண்டபம் ஊர்க்காரரும் கண்மாய்க்கரைக்காரரும் ஒரே கையேட்டைப் படிக்கலாம். (நம் கண்மாய் கோடையில் வற்றிவிடும், மட்டிக்கோ ஒன்றரை வருஷம்வரை தண்ணீர் வேண்டும். அது வேறு பஞ்சாயத்து.)

> ‘மணி’ என்றால் முத்தையும் குறிக்குமே? நவமணியில் முத்தும் உண்டு.

உண்டுதான். ஆனால் பாசிமணி, ஊசிமணி என்றால் யாரும் முத்தைத் தேடுவதில்லை. முன்னால் ‘உள்’ வேறு நிற்கிறது. பிள்ளையார் உருவத்தை ஓட்டுக்கும் சதைக்கும் நடுவே வைத்து எடுக்கும் டிசைன் முத்துக்கு மட்டும் இது ஒத்துவராது. அங்கே ‘அச்சு’ என்றே சொல்லலாம்.

சதைத் துண்டுக்கு ‘ஒட்டு’. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவருக்கு விளக்கமே வேண்டாம்.

> ஒட்டு சரி. உள்மணிக்கும் என் ஓட்டு. ஆனால் வரைவில் ஓரிடத்தில் ‘செயற்கை முத்து’ என்று இருக்கிறது. அது கண்ணாடி, பிளாஸ்டிக் மணியில் பூச்சடித்து விற்பது. ‘வளர்ப்பு முத்து’ என்று திருத்திவிடுங்கள், தம்பி.

திருத்திவிட்டேன் ஐயா. மேன்டிலுக்குத்தான் இன்னும் ஒன்றும் அமையவில்லை.