இரண்டு லைன், ஒரே குழி

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள் வேலைக்கு வந்து 16 வருடம். பாலக்காட்டில் நகைக்கடன் கொடுக்கும் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் தலைமை அலுவலகம், 4 மாடி, நெட்வொர்க் கேபிள் செருகும் பாயிண்ட் 600க்குக் கொஞ்சம் குறைவு. வேறு வேறு கம்பெனியிடம் இரண்டு ஃபைபர் லைன் வாங்கியிருந்தார்கள், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று. அங்கே வாட்ச்மேனாக இருந்த பெரியவர், நம்ம சித்தூர்ப் பக்கம், டீ குடிக்கும்போது கேட்டார்: "ரெண்டு லைனுங்கிறீங்க, ரெண்டும் ஒரே குழியிலதானே தம்பி போகுது?" சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாவது வாரம் ஓடை வெட்ட ஜேசிபி வந்தது.

போய்ப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே சேற்றில் ஒரே ஒரு ஆரஞ்சு பைப், வாய் கிழிந்து கிடக்கிறது, அதிலிருந்து இரண்டு கறுப்புக் கேபிளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கிளைகளில் கடனை அடைக்க வந்தவர்களுக்குச் சாயங்காலம் வரை நகையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மேனேஜர் சேட்டன் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் எல்லாவற்றையும் பிரித்தோம். ஒரு லைன் முன் கேட் வழி, இன்னொன்று பின்பக்க ரோட்டிலிருந்து. மாடிக்கு ஏறும் ஷாஃப்டும் கட்டடத்தின் இரண்டு கோடியிலும் ஒவ்வொன்று, ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு வழியாகவும் ஃபைபர். மேஜைகளுக்கும் ஒன்றுவிட்டு ஒன்று வேறு வேறு ரேக்கிலிருந்து கொடுத்தோம், ரேக்கில் இருக்கும் சுவிட்ச் (மேஜைக் கேபிள்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி) ஒன்று செத்தாலும் பக்கத்து மேஜையில் வேலை ஓடும். இதில்தான் அளவு இடித்தது. மேஜைக்குப் போகும் காப்பர் கேபிள், இரண்டு முனையிலும் செருகும் சின்ன வயரான பேட்ச் கார்டையும் சேர்த்து 100 மீட்டர்தான், நிலையாக இழுப்பது 90க்குள் இருக்க வேண்டும். நாங்கள் டேப்பை வைத்துத் தரையை அளந்துவிட்டோம், கேபிள் சீலிங்குக்கு ஏறி இறங்குகிற மீட்டரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, மூலையில் இருந்த ஏழு மேஜைகளையும் பக்கத்து ரேக்குக்கே மாற்ற வேண்டியதாயிற்று.

மறுமொழி:
நான் கஞ்சிக்கோடு. எங்களிடம் கோர் சுவிட்ச், அதாவது எல்லா சுவிட்சும் வந்து சேரும் நடு சுவிட்ச், இரண்டு, ஒவ்வொன்றிலும் பவர் சப்ளை இரண்டு, எல்லாம் பக்கா. ஆனால் நாலு பிளக்கும் ஒரே யூபிஎஸ்ஸில்! ஐப்பசி இடியில் யூபிஎஸ் போனது, எல்லாம் படுத்துவிட்டது. அதே இடியில், பக்கத்துக் கட்டடத்துக்குக் காப்பர் இழுத்து வைத்திருந்த போர்ட்டுகளும் கருகின. இப்போது அங்கே ஃபைபர், யூபிஎஸ்ஸும் இரண்டு. இழுத்துப் பிடுங்கிச் சோதித்துப் பார்த்தீர்களா அண்ணா?

மறுமொழி:
பார்த்தோம் தம்பி. ஒரு சனிக்கிழமை, வேலை நடக்கும்போதே, சேட்டனிடம் சொல்லிவிட்டு இடது ஷாஃப்டு ஃபைபர் அத்தனையையும் உருவினேன். ஒருத்தரும் தலை நிமிரவில்லை, எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. பத்து நிமிஷம் கழித்து அதே பெரியவர் மாடி ஏறி வந்தார், மூச்சு வாங்குகிறது. "தம்பி, லாக்கர் ரூம் கேமரா மட்டும் கறுப்பா தெரியுதே?"